தட்டிலிருந்து நோயாளி வரை: இம்ப்ளான்ட், திசுப் பதிவு மென்பொருள் ஒன்றுடன் 14 மாதங்கள்

எங்களுடையது மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயங்கும், 180 படுக்கைகளும் 5 அறுவை அரங்குகளும் இதயக் குழாய்ச் சிகிச்சைக்கான ஒரு கேத் லேபும் கொண்ட தனியார் மருத்துவமனை. எலும்பு மூட்டு, கண், இதயம் ஆகிய துறைகளில் நாள்தோறும் யாரோ ஒருவருடைய உடலுக்குள் ஏதோ ஒரு பொருள் வைத்துத் தைக்கப்படுகிறது. அது செயற்கை முழங்காலாக இருக்கலாம், ஸ்டென்ட்டாக இருக்கலாம், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸாக இருக்கலாம், இறந்துபோன ஒருவர் தானமாகத் தந்த கருவிழி, எலும்புத் துகள் போன்ற திசுவாகவும் இருக்கலாம். எந்தப் பெட்டியிலிருந்து வந்தது, எந்தத் தட்டில் இருந்தது, யாருக்குள் போனது என்பதைப் பதிவு செய்வதற்கென்றே 14 மாதங்களுக்கு முன் ஒரு மென்பொருளை ஆண்டுச் சந்தா முறையில் வாங்கினோம். தரப் பிரிவின் பொறுப்பாளன் என்ற முறையில் அதனுடன் அதிகமாக மல்லுக்கட்டியவன் நான் என்பதால், வாங்க நினைக்கும் மற்ற மருத்துவமனைகளுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். மென்பொருளின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். விலைப்புள்ளி கொடுத்த மற்ற இரண்டு நிறுவனங்களின் செயல்விளக்கங்களையும் பார்த்த வரையில், கீழே சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அவற்றிலும் இருந்தன. ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது.

இப்படி ஒரு மென்பொருள் எதற்கு என்ற கேள்வி எங்கள் நிர்வாகக் குழுவிலேயே எழுந்தது. மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் இந்திய அமைப்பான என்.ஏ.பி.எச்.சின் தர நிர்ணயம், உடலுக்குள் வைக்கப்படும் கருவியின் பேட்ச் எண்ணும் வரிசை எண்ணும் நோயாளியின் மருத்துவப் பதிவிலும், மருத்துவமனையின் மொத்தப் பதிவேட்டிலும், டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இடம்பெற வேண்டும் என்கிறது. 2017 பிப்ரவரியில் ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வந்தபோது, பிராண்டு, தயாரித்த அல்லது இறக்குமதி செய்த நிறுவனம், பேட்ச் எண் ஆகியவற்றைப் பில்லில் தனியே காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் சேர்ந்து வந்தது. இவற்றையெல்லாம் அதுவரை நாங்கள் ஸ்டிக்கரை நம்பியே செய்துவந்தோம். பெட்டிக்குள் இருக்கும் ஸ்டிக்கர்களில் ஒன்றைக் கேஸ் ஷீட்டிலும், ஒன்றை அறுவை அரங்கின் (ஓ.டி.) ரெஜிஸ்டரிலும், ஒன்றை பில்லிங் தாளிலும் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. வெப்ப அச்சில் வரும் ஸ்டிக்கர்கள் இரண்டு கோடை தாண்டுவதற்குள் வெளுத்துவிடும் என்பதும், மருத்துவப் பதிவுகளை வைக்கும் எம்.ஆர்.டி. அறையின் பழைய கட்டுகளில் எழுத்தே இல்லாத வெள்ளைச் சதுரங்கள் ஒட்டியிருக்கின்றன என்பதும் ஆய்வுக்கு வருகிறவர்கள் கண்ணில் படாதவரை யாருக்கும் உறைக்கவில்லை.

மென்பொருள் அமெரிக்க மருத்துவமனைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டு, பிறகு இங்கே கொண்டுவரப்பட்டது. அதன் இயல்பு அமைப்புகளைத் திறந்தாலே இது தெரிந்துவிடும். அந்நாட்டில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், திசு வழங்கப்பட்ட நாள், பொருத்தப்பட்ட நாள், அப்புறப்படுத்தப்பட்ட நாள், காலாவதி நாள் ஆகியவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகளுக்குத் திசு தொடர்பான பதிவுகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. மென்பொருளும் அதே 10 ஆண்டுக் கணக்கில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. திசு வந்து இறங்கும்போது பொட்டலம் சிதையாமல் இருக்கிறதா, குளிர் நிலை காக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, பார்த்தவர் பெயரைப் பதியாமல் அது அடுத்த திரைக்கே போகாது. இந்தப் பிடிவாதம் முதலில் எரிச்சலூட்டினாலும் எங்களுக்கு நன்மையே செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதே அமெரிக்கப் பிறப்பு இன்னொரு பக்கம் இடிக்கிறது. பாதகமான நிகழ்வை அறிவிப்பதற்கு அந்நாட்டு மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் படிவம் மட்டுமே உள்ளே இருக்கிறது. 2015 ஜூலை 6ஆம் தேதி தொடங்கப்பட்டு, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தால் ஒருங்கிணைக்கப்படும் நம் நாட்டு மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்தின் படிவத்தை 14 மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் கையால்தான் நிரப்புகிறோம்.

தொடக்கமே தடுமாற்றம்தான். எங்கள் மருந்தகத்தில் இருந்த ஸ்கேனர்கள் லேசர் வகை. கோடு கோடாக இருக்கும் பார்கோடை மட்டுமே அவற்றால் படிக்க முடியும். இப்போது வரும் இம்ப்ளான்ட் பெட்டிகளில் பெரும்பாலும் டேட்டாமேட்ரிக்ஸ் என்ற சின்னஞ்சிறு சதுரக் குறியீடுதான் இருக்கிறது. படமெடுத்துப் படிக்கும் வகை ஸ்கேனர்களைப் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. இந்தச் செலவை விற்பனைப் பிரதிநிதி விலைப்புள்ளியில் காட்டவில்லை.

அந்தச் சதுரத்துக்குள் ஒரு எண்சரம் இருக்கிறது. 01 என்று தொடங்கும் பகுதி பொருளின் அடையாள எண், 17 என்று தொடங்குவது காலாவதி நாள், 10 என்பது பேட்ச், 21 என்பது வரிசை எண். காலாவதி நாள் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஆறு இலக்கமாக வரும். தயாரிப்பாளர் மாதத்தை மட்டும் குறிப்பிட விரும்பினால் நாளுக்கு உரிய இடத்தில் 00 என்று அச்சிடுவார். அந்த மாதத்தின் கடைசி நாள் என்று அதைப் பொருள் கொள்ள வேண்டும் என்பது பார்கோடு தரங்களை வகுக்கும் ஜி.எஸ்.1 அமைப்பின், உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. எங்கள் மென்பொருள் 271100 என்ற எண்ணை 2027 நவம்பர் 30 என்று படிக்காமல் அக்டோபர் 31 என்று படித்தது. நவம்பர் 1க்கு முந்தைய நாள் அக்டோபர் 31 தானே என்று கணினி தன்போக்கில் கணக்குப் போட்டிருக்கிறது. நோயாளிக்கு இதனால் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால், விலை உயர்ந்த இடுப்பு மூட்டுப் பாகங்களை ஒரு மாதம் முன்னதாகவே காலாவதி என்று பூட்டிவிடும். ஸ்டோர்ஸ் பணியாளர் ஒருவர் பெட்டியில் அச்சிட்டிருந்ததையும் திரையையும் ஒப்பிட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். சரிசெய்ய ஏழு வாரம் ஆனது. எந்த மென்பொருளை வாங்குகிறவரும் செயல்விளக்கத்தின்போது நாள் 00 என்று முடியும் ஒரு பெட்டியை எடுத்துப்போய் ஸ்கேன் செய்து காட்டச் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் பல விஷயங்கள் விளங்கிவிடும்.

அறுவை அரங்குக்குள் மென்பொருள் நுழைந்த கதை வேறு. அரங்கில் பொருள்களை எடுத்துத் தரும் சர்க்குலேட்டிங் நர்ஸ் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஸ்கேன் செய்ய வேண்டும், காலாவதியானதோ திரும்பப் பெறப்பட்டதோ என்றால் திரை சிவப்பாகும், பச்சை வந்த பிறகே உறையைப் பிரிக்க வேண்டும் என்பது திட்டம். 20 ஆண்டுக்கு மேல் அரங்கில் நின்ற எங்கள் மூத்த சிஸ்டர் முதல் வாரமே என்னை அழைத்துக் கேட்டார்: "சார், டாக்டர் சைஸ் சொன்னதும் நான் பெட்டியைப் பிரிக்கணுமா, இல்ல இந்தத் திரை சுத்தி முடியறதப் பார்த்துட்டு நிக்கணுமா?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அரங்கின் மூலையில் வைஃபை வலுவில்லாததால் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் 15 நொடிக்கு மேல் ஆனது. சிமென்ட் குழைத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அறுவை மருத்துவருக்கு 15 நொடி என்பது சின்ன நேரம் இல்லை. இணைப்பைச் சரிசெய்த பிறகு மூன்று நொடியாகக் குறைந்தது. சிஸ்டரும் வழிக்கு வந்தார். ஐந்தாவது மாதத்தில், ஒரு முழங்கால் அறுவையில் மூட்டுக்குள் வைக்கும் பிளாஸ்டிக் இன்செர்ட்டின் பெட்டியை ஸ்கேன் செய்தபோது திரை சிவந்தது. காலாவதியாகி ஆறு நாள் ஆன பெட்டி அது. பயன்படுத்திய பிறகே பணம் என்ற கன்சைன்மென்ட் முறையில் டீலர் வைத்துவிட்டுப் போன தட்டில் பின்னால் ஒளிந்திருந்தது. அன்று முதல் அவருடைய அரங்கில் ஸ்கேன் செய்யாமல் எந்தப் பெட்டியும் திறக்கப்படுவதில்லை.

ஆனால், பெட்டியே இல்லாத பொருளை என்ன செய்வது? எலும்பு முறிவுக்கு வைக்கும் பிளேட்டும் ஸ்க்ரூவும் பெரும்பாலும் தனித்தனி உறையில் வருவதில்லை. டீலர் ஒரு பெரிய தட்டுப் பெட்டியில் நூற்றுக்கணக்கான ஸ்க்ரூக்களை அடுக்கிக் கொண்டுவந்து இறக்குவார், கிருமி நீக்கும் பிரிவான சி.எஸ்.எஸ்.டி.யில் ஆட்டோகிளேவ் செய்து அரங்குக்கு அனுப்புவோம். மருத்துவர் எட்டு ஸ்க்ரூவை எடுப்பார். மீதி திரும்பிப் போகும். அடுத்த ஊரில் வேறொரு மருத்துவமனையில் காலி இடம் நிரப்பப்பட்டு அதே தட்டு மறுபடியும் புறப்படும். பிளேட்டின் முதுகில் லாட் எண், அதாவது பேட்ச் எண், பொடி எழுத்தில் பொறித்திருக்கும்; ஸ்க்ரூவில் அதற்குக்கூட இடம் கிடையாது. எண்ணிக்கையில் எங்களுக்கு மிக அதிகமான இம்ப்ளான்ட் இவைதான், மென்பொருள் மிகக் குறைவாக உதவுவதும் இவற்றில்தான். தட்டு முழுவதையும் ஒரே பொருளாகப் பதிந்து, எடுத்ததன் அளவையும் எண்ணிக்கையையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. விற்பனையாளரின் சிற்றேட்டில் நூறு சதவீதத் தடமறிதல் என்று அச்சிட்டிருப்பதை இந்தத் தட்டின் பக்கத்தில் வைத்துப் படித்தால் சிரிப்புத்தான் வரும். உலோகத்தில் எண்ணே இல்லாதபோது மென்பொருளை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

தானத் திசுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திசுவும் இம்ப்ளான்ட்டும் ஒரே வகைப் பொருள்கள் என்று இந்த மென்பொருளை எழுதியவர்கள் நினைத்துவிட்டார்கள். ஒரு செயற்கை முழங்கால் தொழிற்சாலையில் பிறக்கிறது. ஒரு கருவிழி ஒரு மனிதரிடமிருந்து வருகிறது, அதற்கு ஜோடியும் உண்டு. ஒருவருடைய இரண்டு கருவிழிகள் இரண்டு நோயாளிகளுக்கு, சில நேரம் இரண்டு ஊர்களுக்குப் போகின்றன. கருவிழியைப் பொருத்திய பின் மிஞ்சும் விளிம்பை நாங்கள் ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். அதில் பூஞ்சையோ பாக்டீரியாவோ வளர்ந்தால் கண் வங்கிக்குச் சொல்ல வேண்டும், ஜோடிக் கருவிழியைப் பெற்றவரின் மருத்துவரை அவர்கள் எச்சரிக்க வேண்டும். இந்த முடிவு அறுவை முடிந்து சில நாள் கழித்துத்தான் வரும். எங்கள் மென்பொருளிலோ, பொருத்தப்பட்டது என்று குறித்தவுடன் அந்தப் பதிவு மூடப்பட்டுவிடுகிறது. ஆய்வக முடிவைச் சேர்க்க வழி இல்லை. சென்ற ஆண்டு ஒரு விளிம்பில் பூஞ்சை வளர்ந்திருப்பதாக அறிக்கை வந்தபோது, எங்கள் கண் பிரிவு மருத்துவர் கைப்பேசியில் கண் வங்கிக்குச் சொன்னார். அந்த அழைப்புக்கான தடயம் மென்பொருளில் எங்கும் இல்லை, பழைய கட்டுப் பதிவேட்டில் பச்சை மையில் இருக்கிறது.

நேரக் கணக்கிலும் இதே கோளாறு. கருவிழியைக் கெடாமல் காக்கும் எம்.கே. திரவத்தில் வைத்தால் அது நான்கு நாள் தாங்கும். மதுரை ஆரோலேப் தயாரிக்கும் கார்னிசால் போன்ற திரவத்தில் 14 நாள் வரை வைக்கலாம். இந்தக் கணக்கு, திரவத்தில் இட்ட நேரத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. மென்பொருளுக்கு மணி தெரியாது, தேதி மட்டுமே தெரியும். நான்கு நாள் மட்டுமே ஆயுள் உள்ள ஒரு பொருளுக்கு அரை நாள் என்பது பெரிய பிசகு. கண் வங்கியிலிருந்து வரும் படிவமோ கையெழுத்தில் நிரப்பப்பட்டது, பார்கோடு இல்லாதது. அதிலிருந்து தட்டச்சு செய்யும்போது எங்கள் எழுத்தர் ஒருவர், காலியாக இருந்த குறிப்பு என்ற கட்டத்தில் தானம் தந்தவரின் பெயரையே அடித்துவிட்டார்; அந்தக் கட்டம் நோயாளிக்குக் கொடுக்கும் அட்டையிலும் அச்சாகும்படி மென்பொருளில் இயல்பாகவே அமைக்கப்பட்டிருந்தது. அட்டை நோயாளியின் கைக்குப் போகும் முன் பிடித்தோம். கண் வங்கியின் திசு எண் மட்டும் போதும்; பெயருக்கு அங்கே வேலையில்லை. அன்றே அந்தக் கட்டத்தை அச்சிலிருந்து நீக்கினேன், ஆனால் வாங்கிய நாளிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.

எலும்புத் துகள் குப்பிகளில் சிக்கல் வேறு விதம். வெளிநாட்டிலிருந்து வருபவற்றில் ஐ.எஸ்.பி.டி. 128 என்ற குறியீட்டு முறை இருக்கும். தானத்துக்கான அடையாள எண் 13 எழுத்து கொண்டது; முதல் 5 எந்த வங்கி என்பதையும், அடுத்த 2 ஆண்டையும், கடைசி 6 வரிசையையும் குறிக்கும். எங்கள் மென்பொருள் இதைப் பிரித்துப் படிக்காமல், தொடக்கத்தில் இருக்கும் சமக்குறி உட்பட முழுச் சரத்தையும் பேட்ச் எண் என்று விழுங்கிவிட்டது. ஒரே தானத்திலிருந்து வந்த இரண்டு குப்பிகள் இரண்டு தொடர்பற்ற பொருள்களாகப் பதிவாகின. இது சின்னக் குறை என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவில் 2021இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். இறந்துபோன ஒரே ஒருவரின் எலும்பிலிருந்து தயாரான துகள், பெரும்பாலும் முதுகெலும்பு அறுவைகளில், 18 மாநிலங்களைச் சேர்ந்த 113 பேருக்கு வைக்கப்பட்டது. அதில் காசநோய்க் கிருமி இருந்தது. டெலவேர் மாநில மருத்துவமனை ஒன்றில் அறுவை முடிந்தவர்களிடம் தொடர்ச்சியாகத் தொற்று தெரிந்ததும்தான் விஷயம் வெளியே வந்தது. மீதிப் பேரைத் தேடிப் பிடித்து மருந்து தொடங்க முடிந்ததற்கு, ஒரே தானத்தின் குப்பிகள் எங்கெங்கே போயின என்ற பதிவு மருத்துவமனைகளில் இருந்ததே காரணம். 2023இல் மறுபடியும் வேறொரு தானத்தில் இதே நேர்ந்தபோது, 7 மாநிலங்களில் 36 பேர் அதைப் பெற்றிருந்தார்கள். பெற்ற இடங்களில் 8 மருத்துவமனைகள், 5 பல் மருத்துவமனைகள். எங்கள் பல் பிரிவிலும் எலும்புத் துகள் குப்பிகள் இருக்கின்றன என்பதும், அவை மென்பொருளுக்குள் வரவே இல்லை என்பதும் இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இனி, நான் இந்த மென்பொருளை உண்மையில் எதற்காக மதிக்கிறேன் என்பதற்கு வருகிறேன். ஏ.எஸ்.ஆர். என்ற செயற்கை இடுப்பு மூட்டை அதன் தயாரிப்பாளர் 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார். இந்தியாவில் அதை வைத்துச் செய்யப்பட்ட அறுவைகள் சுமார் 4,700 என்றும், அவற்றில் ஏறத்தாழ 3,600 பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றும் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு பின்னர் கண்டறிந்தது. ஒரு பேட்ச் எண்ணைக் கொடுத்தால் அது யார் யாருக்குள் இருக்கிறது என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் இந்த வகைப் பொருளுக்கான தேர்வு. அதை நாங்கள் ஒத்திகையாகவே நடத்துகிறோம். மென்பொருள் வருவதற்கு முந்தைய ஆண்டு, ஒரு முழங்கால் பாகத்தின் பேட்ச் எண்ணை எம்.ஆர்.டி.க்குக் கொடுத்தபோது, இரண்டு பேர் இரண்டரை நாள் ரெஜிஸ்டர்களைப் புரட்டினார்கள். ஸ்டோர்ஸ் கணக்கில் இருந்த அத்தனைப் பெட்டிகளுக்கும் பதில் கிடைக்கவில்லை.

மென்பொருள் வந்த பத்தாவது மாதம், ஒரு சனிக்கிழமை மதியம், முன்னறிவிப்பு இல்லாமல் வேறொரு பேட்ச் எண்ணைக் கொடுத்தேன். நான்கு நிமிடத்தில் திரையில் 23 பெட்டிகளின் கதையும் வந்துவிட்டது. 17 பெட்டி நோயாளிகளுக்குள், 3 தட்டில், 2 டீலருக்குத் திரும்பியவை, 1 அரங்கில் பிரிக்கப்பட்டு அளவு பொருந்தாததால் வீணானது. அந்த வீணான பெட்டிக்கும் தேதியும், பிரித்தவர் பெயரும், காரணமும் இருந்தன. இந்த ஓர் இடத்தில் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அடுத்து 17 பேரையும் தொலைபேசியில் அழைத்தோம், வழக்கமான நலம் விசாரிப்பு என்ற பெயரில். 11 பேர் பேசினார்கள். 3 எண்கள் உபயோகத்தில் இல்லை. 2 எண்கள், சேர்க்கையன்று உடன்வந்த யாரோ ஒருவருடையவை. அவர்களில் ஒருவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். மீதியுள்ள ஓர் எண்ணை அழைத்தபோது எங்கள் கட்டடத்திலேயே, கீழ்த்தளத்தில், காப்பீட்டு மேசையில் மணி அடித்தது. படிவத்தில் எண் கட்டாயம் என்பதால் அங்கிருந்த ஊழியர் தன் மேசை எண்ணையே போட்டு ஒப்பேற்றியிருக்கிறார். மென்பொருள் இந்த எண்களை மருத்துவமனையின் பொதுப் பதிவிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்கிறது. சரிபார்ப்பதற்கு ஒரு கட்டமோ, இரண்டாவது எண்ணுக்கு ஓர் இடமோ வைத்திருக்கவில்லை. குறை எங்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனாலும், ஆளைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று விற்கப்படும் பொருள், அந்த ஆள் உயிரோடு எந்த எண்ணில் இருக்கிறார் என்பதைப் பற்றிக் கொஞ்சமாவது கவலைப்பட்டிருக்க வேண்டும். இப்போது டிஸ்சார்ஜ் நாளில் நர்ஸ் அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்து, நோயாளியின் கட்டில் பக்கத்தில் மணி அடிக்கிறதா என்று பார்க்கிறார்.

ஆய்வுக்கான அறிக்கைகள் அழகாக வருகின்றன. சென்ற முறை ஆய்வாளர்கள் மகிழ்ந்தார்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலை அளவியை இணைத்தால் எல்லை மீறும்போது கைப்பேசிக்குச் செய்தி வருகிறது, நள்ளிரவிலும் வருகிறது, நன்றாகவே வேலை செய்கிறது. உதவிப் பிரிவு மின்னஞ்சலுக்குப் பதில் தருகிறது, தொலைபேசியை எடுப்பதில்லை. கட்டணம் படுக்கை எண்ணிக்கைக்கு இல்லாமல் அரங்கு எண்ணிக்கைக்கு என்பதால் நடுத்தர மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகும்; ஆனால், கேத் லேபையும் ஓர் அரங்காக எண்ணுகிறார்கள் என்பதை ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில்தான் கண்டேன்.

எலும்பு மூட்டு அறுவையும் ஸ்டென்ட்டும் அதிகமாக உள்ள இடங்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கருவிழி மாற்று மட்டும் செய்யும் மருத்துவமனைக்கு இப்போதைய நிலையில் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு நல்ல பதிவேடும் பொறுப்பான ஒரு எழுத்தரும் இதைவிட நன்றாகச் செய்துவிடுவார்கள். எங்களைப் பொறுத்தவரை, புதுப்பிப்பதற்கான ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம். நாங்கள் சந்தாவை நிறுத்தினால், 10 ஆண்டுப் பதிவுகளையும் அவர்களுடைய மென்பொருள் இல்லாமலேயே திறந்து படிக்கக்கூடிய வடிவத்தில், 30 நாளுக்குள், கட்டணமின்றித் தர வேண்டும் என்பது அந்த வரி. வாய்மொழியாக ஒத்துக்கொண்டார்கள். அந்த வரி அச்சில் வரும்வரை காசோலை கணக்குப் பிரிவில்தான் இருக்கிறது, பச்சை மைப் பதிவேடு கண் பிரிவில் இருக்கிறது.